சிவப்புத் துணி கட்டுன சோபா

அந்த ஜன்னல் கம்பியில தலைய சாய்க்காதிய தம்பி. வண்டி குலுக்குற குலுக்குல மண்ட வீங்கிரும். நிமிந்து உக்காருங்க. ஆங், அப்பிடித்தான். ஆலங்குளம்னுதான டிக்கெட் எடுத்திய? காதுல விழுந்துச்சு. விழாம இருக்குமா, இந்தத் தென்காசி ரூட்டுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன்லா நானு. மந்திரமூர்த்தின்னு பேரு. ஆலங்குளம் வந்தா நான் சொல்லுதேன், நீங்க கவலையே படாதிய. எஞ் சர்வீஸ்ல ஒரு பாசஞ்சர் எறங்கவேண்டிய ஸ்டாப்பத் தப்பவிட்டான்னு ஒரு சொல்லு கெடையாது. தூங்குறவன் காதுகிட்ட விசில வச்சு ஒரு ஊது ஊதுனம்னா, அடுத்த ஸ்டாப்புல எறங்குறவனும் சேந்து எந்திச்சிருவான்.

மடியில என்ன, பிளாஸ்க்கா? அந்தப் பெரிய கவரு ஸ்கேன் கவருதான? அப்பம் ஆஸ்பத்திரியில இருந்துதான் வாரிய. யாருக்கு, அப்பாவுக்கா? இப்பம் கூட யாரு இருக்கா? அக்காவா, சரி. சாயந்திரம் வரைக்கும் அவ பாத்துக்கிடுவா, நீங்க வீட்டுக்குப் போயி குளிச்சு, துணி மாத்திட்டுத் திரும்பணும். சரி சரி, நல்ல பிள்ள. உங்களப் பாத்ததுமே எனக்கு ஒரு பயலோட ஞாபகம் வந்துட்டு. அதான் பேச்சுக் குடுத்தேன். அவனுக்கு நாங்க செஞ்ச உதவி கொஞ்சநஞ்சமில்ல. அதுக்கு அவன் எனக்குப் பண்ணுனது என்னன்னு கேட்டா உங்களுக்கே வயிறு எரியும். ஆலங்குளம் வர நேரம் கெடக்கு, கேளுங்க.

பயலுக்குப் பேரு பேச்சிமுத்து. இருவத்திநாலு வயசு இருக்கும். எங்க டிப்போவுல பெரிய மெக்கானிக்கா இருந்த சிவனணைஞ்சபெருமாள் அண்ணாச்சியோட தங்கச்சி மகன். தங்கச்சி சின்ன வயசுலேயே போய்ச் சேந்துட்டா. அவ மாப்பிள்ள வேற கல்யாணம் முடிச்சு சூரத்துப் பக்கம் போயிட்டான். பெருமாள் அண்ணாச்சி கல்யாணமே முடிக்காத மனுசன், அவருதான் பயல எடுத்து வளத்தாரு. இப்பம் அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு, வாயும் குழறுது. இப்பம் பயல் அவர வளக்கான். செல்போன் கடையில வேல பாத்துட்டு இருந்தவன், மாமாவ விட்டுட்டுப் போக முடியலன்னு வீட்டுலயே ரிப்பேர் பாக்கான்.

பகல்ல பாடு இல்ல. பொழுது சாஞ்சாத்தான் ரோதனை. ராத்திரி ஆச்சுன்னா அண்ணாச்சிக்கு டிப்போ ஞாபகம் வந்துரும். "ஸ்பானரு, ஸ்பானரு"ம்பாரு. பயல் எந்திச்சு ஸ்பானர எடுத்து அவரு கையில குடுக்கணும். குடுத்தா செத்த நேரம் கண்ணயருவாரு. பொறவு வேற நம்பர் ஸ்பானர் கேப்பாரு. நம்பர மாத்திக் குடுத்தா விட்டெறிஞ்சிருவாரு, மூளையில அந்த எடம் மட்டும் அவருக்கு ஒண்ணும் ஆகல. நடுவுல ஒண்ணுக்குப் போகணும், பொரட்டிப் படுக்க வைக்கணும். இப்பிடியே ரெண்டு வருசம். பயல் கண்ணு ரெண்டும் எப்பம் பாத்தாலும் கோவைப்பழமாத்தான் இருக்கும்.

எய்யா, படியில நிக்காத, உள்ள வா. எடம் கெடக்குல்லா. அந்தக் கண்டக்டர் தம்பி என்னைய மொறைக்கான் பாருங்க. அவன் சொல்லவேண்டியத நான் சொன்னா என்ன கொறஞ்சுபோச்சு.

எங்க விட்டேன்? ஆங். எங்க ரிட்டயர் ஆனவங்க சங்கத்துல ஜெபமணின்னு ஒருத்தர். செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவரு. அவருதான் மொதல்ல கண்டுபிடிச்சாரு. ரேசன் கட வரிசையில பேச்சிமுத்து நின்னுக்கிட்டே தூங்கியிருக்கான். முன்னால நின்னவங்க எல்லாம் நகந்து சாமான வாங்கிட்டுப் போயாச்சு, பின்னால நின்னவங்க சுத்திக்கிட்டுப் போயாச்சு, இவன் மட்டும் நட்ட கம்பு கணக்கா அங்கனயே நிக்கான். ஜெபமணி வந்து சங்கத்துல சொன்னதும் எல்லாருக்கும் மனசு கேக்கல. பெருமாள் அண்ணாச்சி கை படாத வண்டி எங்க டிப்போவுல ஒண்ணு உண்டா? அவரு பிள்ளைக்கு நாம ஏதாவது செய்யணும்னு அன்னைக்கே தீர்மானம் போட்டாச்சு. கமிட்டியில நானு, ஜெபமணி, பொறவு ஆவுடையப்பன். ஆவுடையப்பன் எங்கூட ஓடுன டிரைவரு.

ஆவுடையப்பனப் பத்தி ஒண்ணு சொல்லணும், அத நல்லா மனசுல வச்சுக்கிடுங்க. பட்டறையில ஒரு முறை உண்டு தம்பி. மெக்கானிக் வண்டிக்கு அடியில படுத்தான்னா ஸ்டியரிங்குல ஒரு செவப்புத் துணியக் கட்டிருவான். துணி கெடந்தா வண்டியத் தொடப்பிடாது. மேனேஜரே வந்து எடுன்னாலும் எடுக்கப்பிடாது. கட்டுனவன்தான் அவுக்கணும். ஆவுடையப்பன் சின்ன வயசுல அவசரப்பட்டு அந்தத் துணியத் தள்ளிவிட்டுட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான். அடியில கெடந்தது பெருமாள் அண்ணாச்சி. உருண்டு வெளிய வந்துட்டாரு, ஆளுக்கு ஒண்ணுமில்ல. எந்திச்சு வந்து குடுத்தாரு பாருங்க ஒரு அறை, டிப்போ காம்பவுண்டுக்கு வெளிய டீ குடிச்சிட்டு இருந்த எனக்குக் கேட்டுச்சு. அன்னையில இருந்து ஆவுடையப்பனுக்கு செவப்புத் துணியக் கண்டா கை நடுங்கும். அவன் பொண்டாட்டி செவப்பு ஜாக்கெட்டத் தொவச்சு ஸ்கூட்டர் மேல காயப்போட்டா, அன்னைக்கு முழுக்க நடந்துதான் போவான்.

சரி, கமிட்டி போயி பேச்சிமுத்துகிட்ட கேட்டோம். "எடே, உனக்கு என்ன வேணும், கூச்சப்படாமச் சொல்லு"ன்னோம். அவன் யோசிக்கவே இல்ல.

"தூங்கணும் மாமா"ன்னான்.

"அது சரிடே. வேற என்ன வேணும்?"

"வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு நாளாவது முழுசாத் தூங்கணும்."

வெளிய வந்து நாங்க மூணு பேரும் கலந்து பேசுனோம். ஒரு வாலிபப் பையன், அதும் மீசை மொளச்ச பையன், தூங்கணும்னா கேப்பான்? வெக்கப்பட்டுக்கிட்டு எதையோ மறைக்கான்னு எனக்குப் பட்டுச்சு. பயலுக்குக் கல்யாண ஆசை வந்துட்டுன்னு ஆவுடையப்பன் சொன்னான். ரத்தத்துல சத்து இல்ல, முருங்கக்கீர சூப்பு குடிக்கணும்னு ஜெபமணி சொன்னாரு. பயலுக்கு ஊக்கம் பத்தல, நாலு பேரு தட்டிக் குடுத்துப் பேசணும்னு நான் சொன்னேன். இப்பிடி ஆளுக்கொரு கோணத்துல யோசிச்சா வேல நடக்குமா? மொதல்ல டூட்டி போடுவோம், மத்தத பொறவு பாப்போம்னு முடிவாச்சு.

டூட்டின்னா என்னன்னு கேளுங்க. மத்தியானம் நாங்க போயி அண்ணாச்சியப் பாத்துக்கிடுதது, அந்நேரம் பயல் ரெஸ்ட் எடுக்குறது. எம்புட்டு நல்ல ஏற்பாடு. ஆனா எதையும் முறையாச் செய்யணும்லா. நான் கண்டக்டரு, சாமானக் கைமாத்தி வாங்காம டூட்டி ஏற முடியுமா? அதனால பயல் ஒண்ணொண்ணா எங்கிட்ட ஒப்படைக்கணும். மாத்திர டப்பா, சூடு தண்ணி கேன், மூத்திரக் கோப்பை, வேட்டி, துண்டு, ஸ்பானர் செட்டு. ஸ்பானர்ல ஒண்ணு கொறஞ்சா தேடி எடுத்துக் குடுத்துட்டுத்தான் அவன் போகலாம். எல்லாம் ஒப்படைச்சு முடிக்கவும் எங்க டூட்டி முடியவும் சரியா இருக்கும். பொறவு நான் திருப்பி அவங்கிட்ட ஒப்படைக்கணும்.

ஆவுடையப்பன் டிரைவர் ஆளு. டிரைவருக்கு ரெஸ்ட் ரூம் மாதிரி ஒரு எடத்தக் கண்டா கண்ணு சொருகிரும், அது தொழில் தர்மம். பேச்சிமுத்து படுக்க விரிச்ச பாயில போயி ஆவுடையப்பன் படுத்துருவான். பயல் பாவம், ஃபேன அந்தப் பக்கம் திருப்பி வச்சிட்டு, எங்களுக்கு டீயப் போட்டுக் கொண்டாருவான். நல்ல டீ போடுவான் தம்பி, இஞ்சி தட்டிப் போட்டு. அதச் சொல்லணும்லா.

ஜெபமணி கத வேற. செக்கிங் இன்ஸ்பெக்டர்லா, சொல்லிட்டு வந்தா அது செக்கிங் ஆகுமா? திடுதிப்புன்னு வருவாரு. கதவப் படபடன்னு தட்டுவாரு. பயல் அடிச்சுப் பிடிச்சு எந்திச்சு வந்து கதவத் தொறப்பான். "ரெஸ்ட் எடுக்கியாடே?"ன்னு கேப்பாரு. "எடுத்துட்டுத்தான் இருந்தேன் மாமா"ம்பான். "சரி, எடு"ன்னுட்டுப் போயிருவாரு. ஒரு நாள் திரும்பி வந்து மறுபடியும் தட்டுனாரு. சொன்னபடி எடுக்கானான்னு பாக்க வேண்டாமா?

இம்புட்டும் செஞ்சும் பயல் தேறல. ஆளு மெலிஞ்சிட்டே போறான். ஒரு நாள் யாரோ குடுத்த போன ரிப்பேர் பாக்கேன்னு உக்காந்தவன், அத அப்பிடியே காதுல வச்சுக்கிட்டுத் தூங்கிட்டான். அதப் பாத்து எனக்கு உள்ளபடியே கண் கலங்கிட்டு. அப்பந்தான் சங்கத்துல எந்திச்சு நின்னு நான் சொன்னேன். டூட்டி எல்லாம் சரி, பயலுக்கு வேண்டியது ஊக்கம், இவனுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கணும்னு. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கும் ரொம்ப நாளா மைக்கப் பிடிச்சு ஒரு பேச்சுப் பேசணும்னு ஆசை. அது வேற விசயம்.

விழான்னா ஏனோதானோன்னு இல்ல. ஞாயித்துக்கிழம, எங்க சங்கத்து ஹால்ல. வாசல்ல பேனரு, அதுல பயல் போட்டோ. எந்தப் போட்டோவ எடுத்தாலும் அவனுக்குப் பாதிக் கண்ணு மூடித்தான் இருக்கு, அதுக்கு நாங்க என்ன செய்ய? கீழ "இளம் சேவைச் செம்மல்"னு போட்டோம். எங்க டிப்போவுல மேனேஜரா இருந்து தென்காசியில செட்டில் ஆன சார சிறப்பு விருந்தினரா கூப்பிட்டோம். விழா நாயகன சாதா சேர்ல உக்கார வச்சா நல்லா இருக்குமான்னு, கல்யாணத்துக்கு மாப்பிள்ள பொண்ணு உக்காருவாகள்லா, மெரூன் கலர் மெத்த சோபா, அத பந்தல்காரன்கிட்டச் சொல்லி எறக்குனோம். அத நான்தான் யோசிச்சது. நான் பேச வேண்டியத ஒரு வாரமா உக்காந்து எழுதுனேன். பத்துப் பக்கம்.

அன்னைக்கு அண்ணாச்சிய வீல் சேர்ல வச்சு முன் வரிசையில நிப்பாட்டியாச்சு. மடியில ஸ்பானரு, தோள்ல அவருக்க பழைய செவப்புத் துணி. அது இல்லாம அவரு வெளிய கெளம்ப மாட்டாரு. பயல மேடைக்கு ஏத்துனோம். அந்தச் சோபாவுல உக்காந்தான் பாருங்க, அவன் மூஞ்சியப் பாக்கணும். ரெண்டு வருசமாப் பாயில கெடந்தவனுக்கு மெத்தை. உக்காந்தவன் மெள்ள அமுங்கி உள்ள போயிட்டே இருந்தான். மேலே ஃபேன் ஓடுது. பொன்னாட போத்துனாங்க, நல்ல கெட்டியான சால்வை. ஒண்ணுக்கு மேல ஒண்ணா நாலஞ்சு சால்வை விழுந்துச்சு, கழுத்து வரைக்கும் போத்தியாச்சு. மேனேஜர் சார் பேச எந்திச்சாரு. அவரு பேச்சு எப்பிடின்னா, ஏத்தமும் கெடையாது எறக்கமும் கெடையாது, நாலுவழிச் சாலையில வண்டி போற மாதிரி ஒரே சீரா போகும். பேச்சிமுத்து தலை சாஞ்சு போச்சு.

சாஞ்சதுன்னா சும்மா இல்ல. கொறட்ட. சோபாவுக்கு முன்னால மைக் இருக்கு, அதுல கேக்கு. மேனேஜர் சார் நிப்பாட்டிட்டுத் திரும்பிப் பாக்காரு. எனக்கு மானம் போச்சு. அடுத்தது எம் பேச்சு. விழா நாயகன் முழிச்சிருக்காம யாரப் பாத்து நான் பேச? பத்துப் பக்கமும் அவனப் பாத்துப் பேசுறதுதான். "எடே பேச்சி"ன்னு தோளத் தட்டுனேன், அசையல. பையில இருந்து என் சர்வீஸ் விசில எடுத்து, அவங் காதுகிட்டக் கொண்டு போனேன்.

அப்பம் கீழ இருந்து டங்குன்னு ஒரு சத்தம். அண்ணாச்சி ஸ்பானரால வீல் சேர் கம்பியில அடிச்சாரு. ஹாலே திரும்பிப் பாத்துச்சு. நல்ல கையால தோள்ல கெடந்த துணிய உருவி, ஆவுடையப்பனப் பாத்து நீட்டுனாரு. வாய் கோணி, எச்சி வடிய, ஒரே ஒரு சொல்லுதான் சொன்னாரு.

"கட்டு."

ஆவுடையப்பன் எந்திச்சான். அந்தத் துணிய வாங்கிட்டு மேடை ஏறி வந்து, சோபா கைப்பிடியில ரெண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிட்டு, என்னைய ஒரு பார்வ பாத்தான். அவ்வளவுதான் தம்பி. ஹால் நெறைய உக்காந்திருக்கது பூராவும் டிரைவரு, கண்டக்டரு, மெக்கானிக்கு. எவனுக்கும் சொல்லித் தரவேண்டியதில்ல. துணி கெடக்கு, தொடப்பிடாது. மேனேஜர் சார் மைக்க அமத்திட்டு உக்காந்துட்டாரு. நான் ஊத எடுத்த விசில அப்பிடியே சட்டப் பைக்குள்ள போட்டேன். எம் பத்துப் பக்கப் பேச்சும் அது கூடவே பைக்குள்ள போச்சு.

கட்டுனவந்தான அவுக்கணும். கட்டச் சொன்னவரு அண்ணாச்சி. அவரு அவுக்கச் சொல்லல. அதனால அத்தன பேரும் சத்தமில்லாம உக்காந்திருக்கோம். சாப்பாட்டு நேரம் வந்துட்டு. சாப்பாட்டக் கொண்டாந்தவன் கரண்டியால வாளியில தட்டுனான், ஜெபமணி போயி அவன் கையப் பிடிச்சிட்டாரு. எல போட்டுச் சாப்பிட்டோம், ஒரு சத்தம் கெடையாது. அப்பளம் வச்சாங்க. அப்பளத்த நொறுக்காமச் சாப்பிட்டுப் பாத்திருக்கியளா? வாய்க்குள்ள வச்சு ஊற வச்சு முழுங்கணும். எல்லாரும் கன்னத்த உப்பிக்கிட்டு உக்காந்திருக்கதப் பாத்து மேனேஜர் சாருக்குச் சிரிப்பு வந்துட்டு, அவரு துண்ட வாயில அடைச்சுக்கிட்டு வெளிய போயிட்டாரு.

நடுவுல பயலோட சட்டப் பைக்குள்ள போன் அலாரம் அடிச்சுச்சு. அண்ணாச்சிக்கு மாத்திர நேரம். எல்லாரும் வெறச்சுப் போனோம். நான்தான் போயி, அஞ்சு சால்வைக்கு அடியில கைய விட்டு, ஆளு அசையாம போன உருவி அமத்துனேன். கூட்டத்துக்குள்ள கைய நீட்டி டிக்கெட் கிழிச்சவன் கைல்லா. மாத்திரய நானே எடுத்துக் குடுத்தேன். அண்ணாச்சிக்கு ஒண்ணுக்கு வந்துச்சு, ஆவுடையப்பனும் ஜெபமணியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டுப் போனாங்க. வேட்டி நனைஞ்சுட்டு, ஜெபமணி தன் துண்டக் கட்டி விட்டாரு. கை மாத்தலும் இல்ல ஒப்படைப்பும் இல்ல, முறையில்லாத டூட்டிதான். அவசரத்துக்குப் பாவமில்லன்னு நானும் கண்டுக்கிடல.

பொழுது சாயுத நேரம் பயல் தானா முழிச்சான். முழிச்சதும் "மாமாவுக்கு மாத்திரை"ன்னுதான் பதறுனான். குடுத்தாச்சுன்னோம். சுத்திமுத்திப் பாத்தான். எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கோம். அண்ணாச்சி கைய நீட்டுனாரு, ஆவுடையப்பன் துணிய அவுத்துக் குடுத்தான். பயல் எறங்கி வந்து மாமன் முன்னால முட்டிக்கால் போட்டு உக்காந்து, அவரு தொடையில மூஞ்சிய வச்சுக்கிட்டான். நானும் துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டேன், இல்லங்கல. ஆனா சரி, இப்பம் முழிச்சிட்டான்லான்னு நான் காயிதத்த எடுத்துக்கிட்டு மைக்கப் பாத்துப் போனேன். பந்தல்காரன் மைக்கக் கழத்திட்டு இருக்கான்.

அத விடுங்க. போகும்போது பயல் எங்கிட்ட வந்தான். மாமா, இப்பிடி ஒரு உதவி எனக்கு யாரும் செஞ்சது கெடையாதுன்னான். எனக்கு மனசு குளுந்து போச்சு. பொறவு தலையச் சொறிஞ்சுக்கிட்டே ஒண்ணு கேட்டான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் விழா வைப்பியளா மாமா?"

வச்சோம். என்ன செய்ய, சங்கம் ஒருமனசாத் தீர்மானம் போட்டுட்டு. இப்பம் ஞாயித்துக்கிழம தோறும் பேச்சிமுத்துவுக்குப் பாராட்டு விழா. சோபாவ பந்தல்காரன் திரும்ப எடுக்கல, அவன் தாத்தாவும் எங்க டிப்போதான். பயல் வருவான், உக்காருவான், சால்வையப் போத்துவோம், துணியக் கட்டுவோம். அவ்வளவுதான் நிகழ்ச்சி நிரல். அண்ணாச்சிய நாங்க பாத்துக்கிடுவோம். ஆவுடையப்பன் அவர வெளிய தள்ளிக்கிட்டுப் போவான், பஸ்ஸ்டாப் வந்தா தன்னப்போல நிப்பாட்டுவான், அண்ணாச்சி கெக்கெக்கேன்னு சிரிப்பாரு. ஜெபமணி வாசல்ல நின்னு செருப்புச் சத்தத்துக்குக் கூட ஆளப் பிடிக்காரு. பயல் இப்பம் கன்னம் வச்சிட்டான். நாலு நாளைக்கி மின்ன, எங்கூடப் பேசும்போது ஒரு தடவ சிரிக்கக்கூடச் செஞ்சான்.

எல்லாம் சரி தம்பி. எல்லாருக்கும் நல்லது நடந்துட்டு. எம் பேச்சு? அத்தன விழா நடந்தும், ஒரு விழாவுலயாவது என்னைய வாயத் தொறக்க விட்டாகளா? ஹாலுக்குள்ள நான் இருமுனாக்கூட அம்பது தல திரும்புது. விழாவுக்கு யோசனை சொன்னது யாரு, சோபா யாரு யோசனை? ஒரு நன்றி உரை உண்டுமா? இன்னைக்கு நான் தென்காசிக்குப் போறதே அதுக்குத்தான். மேனேஜர் சாரு அவரு வீட்டுல வச்சுக் கேக்கேன்னு சொல்லிருக்காரு. அவருக்கும் சங்கத்து ஹால்ல ஞாயித்துக்கிழம நல்லாக் கண்ணயருதாம், அதனால எம் மேல ஒரு அனுதாபம்.

இந்தா, பேச்சு பைக்குள்ளதான் இருக்கு. இது செவப்புத் துணி. இந்த வாரம் தொவைக்கிற முறை எங்க வீட்டுக்கு. எப்பிடியும் சீதபற்பநல்லூர் தாண்டியாச்சு, ஆலங்குளத்துக்குள்ள ஒரு பக்கமாவது வாசிச்சுக் காட்டட்டுமா? நீங்களும் பெத்தவருக்குச் செய்யுத பிள்ளதான, உங்களுக்கும் பொருந்தும். கேளுங்க.

"அவையோரே, அன்னையரே, டிப்போ கண்ட பெருமக்களே. இளைஞன் என்பவன் ஒரு பேருந்து. முதியோர் என்போர் அதில் ஏறிய பயணிகள். பயணிகளைப் பாதியில் இறக்கிவிடாத பேருந்தே நல்ல பேருந்து. ஆனால் அந்தப் பேருந்தும் ஒரு நேரம் டிப்போவுக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? அதற்கு டீசல் போடுவது யார், சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பது யார் என்று நான் கேட்கிறேன்..."

நல்லாருக்குல்லா? நானே எழுதுனது.

தம்பி?

தம்பி. அட, போயிட்டாரு.

வாயத் தொறந்துக்கிட்டுல்லா தூங்குதாரு. பிளாஸ்க்க மட்டும் விடல. கண்ணுக்குக் கீழ எம்புட்டு கருப்பு. இவ்வளவு நேரம் பக்கத்துலயே இருந்து நான் பாக்கல. எப்பம் தூங்குனாரோ. அப்பளம் வரைக்குமாவது கேட்டாரான்னு தெரியல.

எய்யா, கண்டக்டர், இங்க வா. மெள்ள வா. தெரியும்யா, ஆலங்குளம் வருதுன்னு எனக்குத் தெரியாதா, வண்டி குலுக்குறத வச்சே ஊரச் சொல்லுவேன். இவரு எறங்கல. எழுப்பாத. விசில வாயில இருந்து எடு. அந்த முன் சீட்டுக் கம்பியப் பாரு, என்ன கட்டிருக்கேன்? செவப்புத் துணி. நீ புதுப் பையன், உனக்குத் தெரியாது, உங்க டிரைவருகிட்டக் கேளு. கட்டுனவந்தான் அவுக்கணும். நான் அவுக்கல.

ஸ்டாப் தப்புனா சத்தம் போடுவாரா? போடட்டும். தூங்கி எந்திச்சவன் போடுத சத்தம் கேக்க நல்லாத்தான் இருக்கும். தென்காசிக்கு ஒரு டிக்கெட் கிழி. திரும்பி வாரதும் இதே வண்டிதான? அதுக்கும் ஆலங்குளத்துக்கு ஒண்ணு கிழி, எனக்கும் சேத்து. நானே கூட இருந்து எறக்கி விடுதேன். அவங்க அக்கா சாயந்திரம் வரைக்கும் ஆஸ்பத்திரியில இருக்கா, நேரம் கெடக்கு. மேனேஜர் சார் காத்திருப்பாரு. எம் பேச்சும் காத்திருக்கும், அதுக்குப் பழக்கம்தான்.

எஞ் சர்வீஸ்ல ஸ்டாப்பத் தப்பவிட்ட மொதப் பாசஞ்சர் இவருதான். ரிட்டயர் ஆன பொறவு கெட்ட பேரு வருது, சவத்த விடு. நீ வாயாலயே மெள்ள ரைட்டுன்னு சொல்லு, டிரைவருக்குக் கேக்கும்.

சரி, போ. இனிமே தென்காசி வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் கேக்காத. கேட்டா நான் பேச ஆரம்பிச்சிருவேன்.